நேர்காணலில் அளக்கப்படுவது எது?

எழுத்துத் தேர்வில் வினாவுக்குரிய விடை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கிறது. தேர்வர் எழுதியது அதனோடு பொருந்துகிறதா என்று பார்த்து மதிப்பெண் இட்டுவிடலாம். வேலைக்கான நேர்காணலில் அத்தகைய விடைக்குறிப்பு கிடையாது. இந்த மனிதரைப் பணியில் அமர்த்தினால் ஆறு மாதம் கழித்து இவர் எப்படி வேலை செய்துகொண்டிருப்பார் என்பதே நேர்காணல் குழுவினரின் மனத்தில் இருக்கும் உண்மையான கேள்வி. அதற்கான விடையை இருபது நிமிடமோ அரை மணி நேரமோ பேசி அவர்கள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகம் உறுதிபெறச் சான்று வேண்டும். அந்தச் சான்றைக் கொடுக்கக்கூடியவர் எதிரே அமர்ந்திருக்கும் விண்ணப்பதாரர் ஒருவரே. ஆகவே, தம் படிப்பிலும் உழைப்பிலும் கிடைத்த அனுபவங்களிலிருந்து உரிய சான்றுகளைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, கேட்ட நேரத்தில் எடுத்துவைக்கப் பழகிக்கொள்வதுதான் நேர்காணலுக்கான ஆயத்தத்தின் சாரம். எந்த நிறச் சட்டை அணிவது, எப்படி அமர்வது என்பன போன்ற அறிவுரைகளுக்கும் ஓரளவு பயன் உண்டு என்றாலும், இந்த அடிப்படை விளங்காதவருக்கு அவை பெரிதாகக் கைகொடுப்பதில்லை.

அளவுகோலும் அதன் குறைகளும்

நேர்காணல் ஓர் அளவுகோல் என்றால், அது எவ்வளவு சரியாக அளக்கிறது என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், இராணுவ அதிகாரிகளுக்கு அவர்களின் மேலதிகாரிகள் வழங்கிய மதிப்பீடுகளை ஆராய்ந்தபோது, உடல்தோற்றம், அறிவுத்திறன், தலைமைப்பண்பு, ஒழுக்கம் ஆகிய வெவ்வேறு பண்புகளுக்கான மதிப்பெண்கள் இயல்புக்கு மீறி ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் கண்டார். ஒருவரிடம் ஒரு நற்பண்பைக் கண்டவுடன் மற்றப் பண்புகளும் அவரிடம் இருப்பதாகக் கருதிவிடும் இந்தப் பிழையை உளவியலார் ஒளிவட்ட விளைவு என்று குறிப்பிடுகின்றனர். நல்ல உயரமும் கணீரென்ற குரலும் உடையவர் திறமைசாலியாகவும் நேர்மையாளராகவும் தோன்றிவிடுவதற்கும், முதல் கேள்வியில் தடுமாறியவரின் பிந்தைய நல்ல பதில்கள் கவனம் பெறாமல் போவதற்கும் இதுவே காரணம்.

இப்பிழையைக் குறைக்கும் முயற்சியில் உருவானதே கட்டமைக்கப்பட்ட நேர்காணல். ஒரு பணிக்கு விண்ணப்பித்த அனைவரிடமும் அப்பணியோடு தொடர்புடைய ஒரே வகையான கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் முன்பே வகுத்துக்கொண்ட அளவையின்படி மதிப்பெண் இடுவது இதன் முறை. மனத்தில் தோன்றியதைக் கேட்டு, முடிவில் ஒட்டுமொத்த எண்ணமாக ஒரு தீர்ப்புக்கு வருவது கட்டமைக்கப்படாத நேர்காணல். ஒரு தேர்வுமுறையில் பெற்ற மதிப்பெண்ணுக்கும் பின்னாளில் பணியில் காட்டும் திறனுக்கும் உள்ள உறவை ஆய்வாளர்கள் தொடர்புக்கெழு என்ற எண்ணால் குறிப்பர். அது சுழியானால் உறவே இல்லை; ஒன்றானால் முழுமையான பொருத்தம். முந்தைய பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 1998-இல் ஷ்மிட், ஹன்டர் ஆகியோர் செய்த கணக்கீட்டில் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் 0.51, கட்டமைக்கப்படாதது 0.38 பெற்றன. அக்கணக்கீட்டு முறையில் திருத்தங்கள் வேண்டுமென வாதிட்ட சாக்கெட் குழுவினர் 2022-இல் வெளியிட்ட மறுமதிப்பீட்டில் இவ்வெண்கள் முறையே 0.42, 0.19 எனக் குறைந்தன. ஆனாலும் அவர்கள் ஒப்பிட்ட தேர்வுமுறைகளில் கட்டமைக்கப்பட்ட நேர்காணலே முதலிடத்தில் நின்றது.

கட்டமைப்பில்லாத உரையாடல் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதை டானா, டாஸ், பீட்டர்சன் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மாணவர்களை நேர்கண்டு அவர்களது பருவத் தேர்வு மதிப்பெண்ணைக் கணிக்கும்படி சிலரிடம் கூறப்பட்டது; நேர்காணப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் உண்மையைச் சொல்லாமல், முன்பே தரப்பட்ட ஒரு விதிப்படி 'ஆம்', 'இல்லை' என்று தற்போக்காகப் பதிலளித்தனர். அப்படியிருந்தும் அவர்களைப் பற்றித் தெளிவான சித்திரம் கிடைத்துவிட்டதாகவே கேள்வி கேட்டவர்கள் நம்பினர். மேலும், முந்தைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணித்திருந்தால் வந்திருக்கும் முடிவைவிட, நேர்காணலையும் சேர்த்துக்கொண்டு செய்த கணிப்பு மோசமாகவே அமைந்தது.

இந்தியாவில் நேர்காணலுக்கு இடப்பட்ட எல்லை

இதே ஐயம் வேறொரு வழியாக இந்திய நீதிமன்றங்களையும் எட்டியது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கை தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில், மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்கியது தன்னிச்சையானது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் கூறியது. அத்தகைய சேர்க்கையில் 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது ஏற்கத்தக்கதல்ல என்றும் சுட்டியது. அரியானா அரசுப் பணித் தேர்வு பற்றிய அசோக் குமார் யாதவ் வழக்கில், 1985-இல், பொதுப்பிரிவினருக்கு 22.2 விழுக்காடு என்பதும் மிகையே எனக் கருதி, அந்நாளில் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் பின்பற்றிய 12.2 விழுக்காட்டை முன்மாதிரியாகக் காட்டியது. பின்னர், 2015 விடுதலை நாள் உரையில் பிரதமர் முன்வைத்த யோசனையைத் தொடர்ந்து, மத்திய அரசின் கீழ்நிலைப் பணியிடங்களுக்கான நேர்முகத் தேர்வு 2016 ஜனவரி 1 முதல் கைவிடப்பட்டது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 பணிகளுக்கும் எழுத்துத் தேர்வு மட்டுமே உண்டு.

முடிவெடுக்கும் பொறுப்பு மிகுந்த பதவிகளில் நேர்காணல் இன்றும் நீடிக்கிறது. குடிமைப் பணித் தேர்வின் இறுதி மதிப்பெண் 2,025. அதில் முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 1,750, ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்காணலுக்கு 275. தமிழ்நாட்டின் குரூப் 1 தேர்வில் மொத்தம் 850-இல் நேர்முகத் தேர்வுக்கு 100. விழுக்காட்டில் இவை சிறியனவாகத் தோன்றினாலும், எழுத்துத் தேர்வைக் கடந்து வந்தவர்களிடையே வேறுபாடு சில மதிப்பெண்களாகச் சுருங்கிவிடுவதால், நேர்காணலில் கூடுதலாகவோ குறைவாகவோ கிடைக்கும் பத்து மதிப்பெண் தரவரிசையையே மாற்றிவிடக்கூடும்.

குடிமைப் பணி ஆளுமைத் தேர்வின் நோக்கத்தை அதன் விதிகளே விளக்குகின்றன. அது பாட அறிவை மீண்டும் சோதிப்பதோ குறுக்கு விசாரணை செய்வதோ அன்று. இயல்பாகவும் நோக்கத்தோடும் நடத்தப்படும் உரையாடல். மனத்தின் விழிப்பு, தெளிவாகவும் தருக்கமுறையிலும் எடுத்துரைக்கும் ஆற்றல், சீர்தூக்கிப் பார்க்கும் பக்குவம், பல துறை ஆர்வம், பிறரோடு இணைந்து செயல்படும் திறன், அறிவுநேர்மை முதலியன அதில் மதிப்பிடப்படுகின்றன. குழுவினரின் கையில் விண்ணப்பதாரர் நிரப்பிய விரிவான விண்ணப்பப் படிவம் இருக்கும். பிறந்த ஊர், படித்த பாடம், பார்த்த வேலை, பொழுதுபோக்கு என்று அதில் எழுதப்பட்ட ஒவ்வொரு சொல்லும் கேள்வியாக மாறக்கூடும். தோட்டக்கலை பொழுதுபோக்கு என்று எழுதியவரிடம் அவரது ஊர் மண்ணின் தன்மை கேட்கப்பட்டால் அது பொறியன்று. எழுதியது உண்மைதானா என்று பார்க்கும் முயற்சியே.

விளம்பரமும் தன்விவரமும்

தனியார் நிறுவனங்களில் அந்தப் படிவத்தின் இடத்தைத் தன்விவரக் குறிப்பு, அதாவது பயோடேட்டா, பெறுகிறது. ஆயத்தத்தின் முதற்படி, வேலை விளம்பரத்தையும் தன்விவரக் குறிப்பையும் அருகருகே வைத்துப் படிப்பது. கோயம்புத்தூரில் தண்ணீர்ப் பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஆள் தேவை என்று விளம்பரம் செய்திருப்பதாகக் கொள்ளலாம். டிராயிங் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், வெர்னியர் காலிப்பர், மைக்ரோமீட்டர் ஆகியவற்றைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும், பதிவேடுகளைப் பராமரிக்க வேண்டும், ஷிஃப்ட் முறையில் பணியாற்ற வேண்டும் என்று அதில் இருந்தால், குழுவினர் சான்று தேடப்போகும் நான்கு இடங்களும் அங்கேயே சொல்லப்பட்டுவிட்டன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, தாம் அதைச் செய்த ஒரு நிகழ்ச்சியை விண்ணப்பதாரர் எழுதிப் பார்க்க வேண்டும். எழுத ஒன்றும் இல்லாத இடம் எது என்பது அப்போது புலப்பட்டுவிடும். நேர்காணலுக்கு முன் எஞ்சியிருக்கும் நாட்களை அந்த இடைவெளியை நிரப்பச் செலவிடுவது, பொதுவான வினாவிடைத் தொகுப்புகளைப் புரட்டுவதைவிடப் பயன் தரும்.

தன்விவரக் குறிப்பையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஒருமுறை மட்டும் திறந்து பார்த்த மென்பொருளைத் 'தெரிந்தவை' பட்டியலில் சேர்ப்பதும், நண்பர்கள் செய்துமுடித்த புராஜெக்டில் பெயரை மட்டும் இணைத்துக்கொள்வதும் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். அப்படி ஒரு வரி பொய்த்தால், ஒளிவட்ட விளைவு எதிர்த்திசையில் வேலைசெய்து, உண்மையான வரிகளின் மீதும் ஐயத்தைப் படரவிடும். நிறுவனம் எதைத் தயாரிக்கிறது, யாருக்கு விற்கிறது, இந்தப் பணி அந்த ஓட்டத்தில் எந்த இடத்தில் வருகிறது என்பவற்றை அறிந்துவைத்திருப்பது போதும். அதன் வருடாந்தர வரவுசெலவை ஒப்பிக்க வேண்டியதில்லை.

நிகழ்ச்சியைச் சான்றாக்கும் முறை

கட்டமைக்கப்பட்ட நேர்காணலில் இரு வகைக் கேள்விகள் முதன்மையானவை. கேரி லேதமும் உடன்பணியாளர்களும் 1980-இல் முன்வைத்த சூழ்நிலை நேர்காணல், 'இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று எதிர்காலத்தைப் பற்றிக் கேட்கிறது. டாம் ஜான்ஸ் 1982-இல் விளக்கிய நடத்தை நேர்காணல், 'அப்படி ஒரு நிலை வந்தபோது என்ன செய்தீர்கள்?' என்று கடந்த காலத்தைக் கேட்கிறது. கடந்த கால நடத்தையே வருங்கால நடத்தைக்கு நல்ல அறிகுறி என்பது அதன் அடிப்படை. இரண்டாம் வகைக்குப் பதில் சொல்ல, நிகழ்ச்சியை நான்கு கூறுகளாகப் பிரித்துக்கொள்ளும் முறை பரவலாகக் கற்பிக்கப்படுகிறது: நிலைமை என்ன, அதில் தமக்கிருந்த பொறுப்பு என்ன, தாம் செய்தது என்ன, விளைந்தது என்ன.

மேற்சொன்ன தொழிற்சாலையில், 'நுணுக்கமாக வேலை செய்வீர்களா?' என்று கேட்கப்படும்போது, 'ஆம், எதையும் கவனமாகச் செய்வது என் இயல்பு' என்ற பதிலில் சான்று ஏதும் இல்லை. அறைக்கு வெளியே காத்திருக்கும் அனைவரும் அதையே சொல்ல முடியும். தொழிற்பயிற்சியின்போது லேத்தில் கடைந்த உருளைகளில் சில அளவுக்கு மீறிய விட்டத்தோடு வந்தன என்றும், அவற்றை அளந்து குறிக்கும் பொறுப்பு தம்முடையது என்றும், கடைந்த வரிசைப்படி அளவுகளை எழுதிப் பார்த்தபோது விட்டம் சிறிது சிறிதாகக் கூடிவருவது தெரிந்தது என்றும், வெட்டும் கருவி தேய்ந்துவருவதே காரணமாக இருக்கலாம் என்று மேற்பார்வையாளரிடம் கூறிக் கருவியை மாற்றியபின் அளவு சீரானது என்றும் ஒருவர் சொன்னால், நுணுக்கம் என்ற சொல்லை அவர் உச்சரிக்காமலே குழுவினர் அதைக் கண்டுகொள்கின்றனர். இதைச் சொல்ல ஒன்றரை நிமிடம் போதும். அடுத்து, 'எத்தனை உருளைக்கு ஒருமுறை அளந்தீர்கள்?', 'அளக்கும் கருவியே தவறாகக் காட்டியிருக்கலாம் அல்லவா?' என்ற கேள்விகள் வரும். நடந்ததைச் சொல்பவருக்கு அவை சிரமம் தருவதில்லை. கற்பனைக் கதையைச் சொல்பவர் அங்கேதான் அகப்பட்டுக்கொள்கிறார்.

குழுவாகச் செய்த வேலையைச் சொல்லும்போது எல்லாவற்றையும் 'நாங்கள்' என்றே கூறுவது தமிழ்ச் சூழலில் பணிவாகக் கருதப்படுகிறது. ஆயினும் நேர்காணல் குழுவினர் அறிய விரும்புவது அந்த ஒருவரின் பங்கை என்பதால், குழு செய்தது இது, அதில் தாம் செய்தது இது என்று பிரித்துச் சொல்வது தற்பெருமை ஆகாது. வேலை அனுபவம் இல்லாத புதியவரும் சான்றற்றவர் அல்லர். கல்லூரிச் சிம்போசியத்தின் வரவுசெலவைக் கவனித்தது, நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஊராரிடம் கணக்கெடுத்தது, மாலையில் வீட்டுக் கடையில் வாடிக்கையாளரைச் சமாளித்தது ஆகிய அனைத்தும் நான்கு கூறுகளாகச் சொல்லத்தக்க நிகழ்ச்சிகளே.

சூழ்நிலைக் கேள்விகளில் முடிவைவிட அதை அடையும் வழி கவனிக்கப்படுகிறது. ஷிஃப்ட் முடியும் நேரத்தில், அளவு பிசகிய உருப்படிகளை அப்படியே அனுப்பிவிடும்படி மேற்பார்வையாளர் கூறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்கப்பட்டால், எதிர்த்து நிற்பேன் என்பதும் கீழ்ப்படிவேன் என்பதும் அவசரப் பதில்கள். பிசகு அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருக்கிறதா என மீண்டும் அளந்து பார்ப்பது, எல்லையை மீறியிருந்தால் அதைப் பதிவேட்டில் குறித்து மேற்பார்வையாளரிடம் காட்டுவது, விலக்களிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டோ அவரது ஒப்புதலைக் கேட்பது என்று படிப்படியாகச் சொல்பவர், விதியையும் மனிதர்களையும் ஒருசேரக் கையாளத் தெரிந்தவர் என்ற எண்ணத்தை உண்டாக்குகிறார்.

வாய்விட்டுப் பயிலுதல்

திரட்டிய நிகழ்ச்சிகளை மனத்துக்குள் படித்துக்கொண்டால் மட்டும் போதாது. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினர். ஆனால் படித்ததைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே இரண்டு நாட்களுக்குப் பின்னும் ஒரு வாரத்துக்குப் பின்னும் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். தாளை மூடிவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதன் பயன் இதிலிருந்து விளங்கும். சொற்களை மனப்பாடம் செய்யாமல் நிகழ்ச்சியின் வரிசையை மட்டும் மனத்தில் கொள்வது நல்லது. மனப்பாடத்தில் ஒரு சொல் நழுவினால் முழுப் பதிலும் நின்றுவிடும்.

மாதிரி நேர்காணல் இதன் அடுத்த படி. சென்னையில் தமிழ்நாடு அரசு நடத்தும் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் போன்ற இடங்களில், ஓய்வுபெற்ற அதிகாரிகளைக் கொண்டு இது நடத்தப்படுகிறது. அத்தகைய வாய்ப்பு இல்லாதவர், தம் துறை அறிந்த மூத்தவர் ஒருவரிடம் தன்விவரக் குறிப்பைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லி, கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டுப் பார்க்கலாம். பதில் மூன்று நிமிடத்தைத் தாண்டுவதும், ஒவ்வொரு வாக்கியமும் 'பேசிக்கலி' என்று தொடங்குவதும் அப்போது தாமாகவே காதில் விழும்.

அறைக்குள்

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பது பெரும்பாலும் முதல் கேள்வி. அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் என்று தொடங்குவது பலருக்குப் பழக்கமாக இருக்கிறது. அவை படிவத்திலேயே உள்ளவை. படித்தது, செய்தது, இந்தப் பணிக்கு வர நினைத்த காரணம் ஆகிய மூன்றையும் ஒன்றிரண்டு நிமிடத்தில் சொல்லி, பின்னால் விரிவாகப் பேச விரும்பும் நிகழ்ச்சியைத் தொட்டுக்காட்டி நிறுத்தினால், அடுத்த கேள்வி அங்கிருந்தே எழக்கூடும். குறை என்ன என்று கேட்கும்போது 'அளவுக்கு மீறி உழைப்பேன்' என்று குறையைப் போர்த்திச் சொல்வது எவரையும் ஏமாற்றுவதில்லை. உண்மையான ஒரு குறையையும், அதைச் சரிசெய்ய எடுத்துவரும் முயற்சியையும் சேர்த்துச் சொல்வதே தகும். படிப்பில் இடைவெளி, அரியர், முந்தைய வேலையை விட்ட காரணம் ஆகியவற்றை இரண்டு வாக்கியங்களில் நேராகச் சொல்லிவிட்டு, அதன்பின் செய்ததற்கு நகர்வது நல்லது. பழைய நிறுவனத்தைக் குறைகூறுபவர் நாளை தம்மையும் அப்படியே பேசுவார் என்று குழுவினர் எண்ண இடமுண்டு.

தெரியாத கேள்விக்குத் 'தெரியவில்லை' என்று சொல்வது, ஆளுமைத் தேர்வு நாடும் அறிவுநேர்மையின் நேரடிச் சான்று. தொழில்நுட்பக் கேள்வியானால், இதுவரை தெரியும், இதற்குமேல் தெரியாது, கண்டறிய வேண்டுமானால் இந்த வழியில் முயல்வேன் என்று கூட்டிச் சொல்லலாம். சிறிது யோசித்துப் பதில் சொல்ல அனுமதி கேட்பதும் குறையாகக் கருதப்படுவதில்லை.

மொழியைக் குறித்த அச்சம் தமிழ்வழியில் படித்தவர்களிடம் மிகுதி. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் குடிமைப் பணி நேர்காணலையும் தமிழிலேயே எதிர்கொள்ளலாம். தனியார் துறையில் ஆங்கிலம் எதிர்பார்க்கப்படும் இடங்களில், சிறு வாக்கியங்களில் நிதானமாகச் சொல்லப்படும் தெளிவான செய்தி, வேகமாக ஓடும் வெறும் சொற்களைவிட நன்றாக நிற்கும். தம் துறையின் நிகழ்ச்சிகளை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகிக்கொண்டாலும் தேவையின் பெரும்பகுதி நிறைவேறிவிடும். இணையவழி நேர்காணலானால், முந்தைய நாளே இணைப்பு, ஒலிவாங்கி, முகத்தில் விழும் வெளிச்சம் ஆகியவற்றைச் சரிபார்த்துக்கொள்வதும், மின்வெட்டு நேர்ந்தால் அழைப்பதற்கான எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்வதும் போதுமானவை.

ஊதியமும் எச்சரிக்கையும்

இறுதியில் விண்ணப்பதாரரும் கேள்வி கேட்கலாம். முதல் ஆறு மாதத்தில் இந்தப் பணியில் இருப்பவரிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன, பயிற்சி யாரிடம் கிடைக்கும் என்பன தக்க கேள்விகள். ஊதியம் பற்றிய பேச்சில் சி.டி.சி. என்ற தொகை அடிபடும். அது ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு. நிறுவனம் வருங்கால வைப்பு நிதிக்குச் செலுத்தும் பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, காப்பீடு, சில இடங்களில் நிபந்தனைக்குட்பட்ட ஊக்கத்தொகை ஆகியவையும் அதில் அடங்கலாம் என்பதால், அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதந்தோறும் கைக்கு வரும் தொகை கிடைக்காது. பிடித்தம் போக எவ்வளவு என்று கேட்பதில் தவறில்லை.

நேர்காணலுக்கோ பணி ஆணைக்கோ முன்பணம் கேட்பவர்களிடமிருந்து விலகிவிட வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்புக்குக் காட்டலாம். கையில் ஒப்படைப்பதற்கு முன்பும், குறிப்பிட்ட காலம் வேலையை விடக்கூடாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பும் நிபந்தனைகளை எழுத்தில் பெற்று முழுமையாகப் படிக்க வேண்டும்.

முடிவை எடுத்துக்கொள்ளும் விதம்

நன்கு கட்டமைக்கப்பட்ட நேர்காணலின் தொடர்புக்கெழுவே 0.42 என்றால், தகுதியுள்ள பலர் தவறவிடப்படுவதும் தகுதி குறைந்த சிலர் தேர்வாவதும் அம்முறையில் தவிர்க்க முடியாதவை. ஒரு நேர்காணலில் தேர்வாகாமல் போனதைத் தம் திறமை மீதான தீர்ப்பாகக் கொள்வது, அந்த அளவுகோலுக்கு அதற்கில்லாத துல்லியத்தைக் கற்பிப்பதாகும். விண்ணப்பதாரரின் கட்டுப்பாட்டில் இருப்பது தாம் வைக்கும் சான்றின் தரம் மட்டுமே. ஆகவே, அறையை விட்டு வெளியே வந்த அன்றே, கேட்கப்பட்ட கேள்விகளையும், சான்று இல்லாமல் பொதுவாகப் பேசிச் சமாளித்த இடங்களையும் எழுதிவைப்பவர், அடுத்த நேர்காணலுக்கான ஆயத்தத்தின் பாதியை முடித்துவிட்டார். மீதிப் பாதி, அந்த இடங்களுக்குரிய திறனை உண்மையிலேயே வளர்த்துக்கொள்வது.